தரங்கம்பாடி வண்டி

கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்தவர்களுக்கு ரயில் என்றால் விருத்தாசலம்தான். எங்கள் ஊரில் தண்டவாளம் கிடையாது. ராத்திரியில் காற்று வாகாக அடித்தால் மட்டும் கார்டு லைனில் போகிற வண்டியின் ஊதல் கேட்கும். அதைக் கேட்டதும் ஆயா மருதையாற்றுக் கதையை எடுத்துவிடும். 1956 நவம்பரில் அரியலூருக்கு அந்தண்டை பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்த கதை. அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆயாவுக்கு மந்திரியைத் தெரியாது. ஆற்றில் போன சனங்களைத்தான் தெரியும். "எத்தினி குடும்பம்டா சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

அதனால் பெரிய ரயில் என்றால் எனக்குச் சின்ன வயதில் கொஞ்சம் பயம்தான். பயமில்லாமல் மனசோடு ஒட்டிக்கொண்டது வேறொரு ரயில். மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, தரங்கம்பாடிக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன வண்டி. அந்த வண்டியும் இன்றைக்கு இல்லை, அது நின்ற நிலையங்களும் இல்லை. அந்தப் பாதையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையைத் தில்லையாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். நெய்வேலிக் களிமண்ணும் சூளை நெருப்பும்தான் அவருடைய உலகம். வருஷத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு தரம், அத்தை வீட்டில் நல்லது கெட்டது வந்தால் இன்னொரு தரம் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரத்துக்குப் பஸ். அங்கே ரயிலேறிக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மாயவரம். மாயவரத்தில் இறங்கி, பெரிய வண்டிகள் நிற்கிற பிளாட்பாரத்தை விட்டு ஒதுங்கி நிற்கும் தரங்கம்பாடி வண்டியில் போய் இடம் பிடிக்க வேண்டும். அப்பாவின் கையில் வைக்கோல் சுற்றிய பீங்கான் பொம்மைகள் இருக்கும். செட்டியார் பொம்மை, கிருஷ்ணன் பொம்மை, அத்தைக்கு ஊறுகாய் ஜாடி. அந்த மூட்டையை மடியில்தான் வைத்துக்கொள்வார். மேலே பலகையில் வைக்க மாட்டார்.

ஜன்னலோரத்தில் என்னை உட்கார வைத்து அப்பா காட்டுவது வயலை அல்ல, தந்திக் கம்பத்தை. கம்பத்தின் கையில் வெள்ளை வெள்ளையாகக் குப்பிகள் உட்கார்ந்திருக்கும். "பாருடா, பீங்கானு. எந்த ஊருச் சூளையில வெந்துச்சோ. இது இல்லன்னா சேதி ஒரு ஸ்டேசன்லேருந்து இன்னொரு ஸ்டேசனுக்குப் போவாது" என்பார். கம்பியில் போகிற மின்சாரம் மரத்தில் இறங்கி மண்ணுக்குப் போய்விடாமல் தடுப்பது அந்தக் குப்பிதான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ரயில்வேயில் தன் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் அவருக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாதை. மீட்டர் கேஜ். மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரிப் பிள்ளைகள் இறங்குவார்கள். கல்லூரி 1955இல் வந்தது. அதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. செம்பனார்கோயிலில் நெல் வியாபாரிகளும் வெற்றிலைக் கூடைகளும். ஆக்கூரில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் ஒருவர் வாளியோடு ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். திருக்கடையூரில் பட்டுப்புடவையும் மாலை வைத்த கூடையுமாக ஒரு கூட்டம் இறங்கும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள். பேரன் பேத்திகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையோடு தரையாக இருந்த பிளாட்பாரத்தில் தாத்தா பாட்டி மெதுவாக இறங்கும் வரைக்கும் கார்டு பச்சைக் கொடியைக் காட்ட மாட்டார். அபிராமி சன்னதிக்குப் போகிறவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்பது அந்தப் பாதையில் எழுதாத சட்டம்.

தில்லையாடி நிலையத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டுக் கட்டடம், சிமெண்டு பெஞ்சு, டிக்கெட் ஜன்னல், மணி. தடித்த அட்டை டிக்கெட்டைத் தேதி அச்சுப் பொறியில் செருகி எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே ஜன்னலில் எக்கி நிற்பேன். அத்தை எங்களை அழைத்துப்போக வந்திருப்பாள். வண்டி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்து, ஸ்டேஷன் வேலைக்காரர் வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த நிலையம் ரயிலுக்கான இடம் மட்டுமல்ல. பிறந்த வீட்டுச் சேதி வந்து இறங்குகிற இடம். கடிதம் போட்டுப் பதில் வர நாள் ஆகும். வண்டியில் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

தில்லையாடி என்றால் தமிழ்நாட்டுக்கு வள்ளியம்மை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறே வயதில் உயிர்விட்ட பெண். அவளுடைய பெற்றோரின் ஊர் இது. அடுத்த ஆண்டே காந்தி தில்லையாடிக்கு வந்தார். அப்போது இந்த ரயில் கிடையாது. ரயில் இங்கே வந்தது 1926இல்.

அந்த ஆண்டை நினைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தரங்கம்பாடிக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்கு ஊர் கொடுத்த விலை பெரிது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய துறைமுகம் இது. 1706இல் சீகன்பால்கு கரையிறங்கி, சில ஆண்டுகளில் தமிழில் அச்சுப் புத்தகம் போட்ட ஊர். 1845இல் டென்மார்க் இதையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே ஓட ஆரம்பித்ததும் கதை மாறியது. ரயில் உள்ள துறைமுகத்துக்குத்தான் நெல் போகும், வியாபாரி போவான். தரங்கம்பாடிக்கு வந்த கப்பல்கள் குறைந்தன. சுங்கச் சாவடி வெறிச்சோடியது. பக்கத்துக் காரைக்காலுக்கு 1898இலேயே பேரளத்திலிருந்து பாதை வந்துவிட்டது. அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர், அவர்கள் தங்கள் துறைமுகத்துக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள். தரங்கம்பாடி நாகப்பட்டினத்துக்குப் பின்னால் 65 வருஷம் காத்திருந்தது.

ரயில் வந்தபோது துறைமுகம் போய்விட்டிருந்தது. ஆகவே அந்தப் பாதை கப்பல் சரக்கை ஏற்றுவதற்கு வந்த பாதை அல்ல. சனங்களுக்காக ஓடிய பாதை. அதுதான் அதன் அழகு, அதுவே அதன் சாவுக்கும் காரணம் ஆனது.

யார் போனார்கள் அந்த வண்டியில்? காலை வண்டியில் தரங்கம்பாடி மீனவப் பெண்கள் கூடையோடு ஏறுவார்கள். மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் கடைசிப் படியில் நிற்க வைத்து, கூடைக்குத் தனியாகக் காசு கேட்டு, வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வருவார்கள். ரயில் பெட்டியில் அவர்கள் கூடையை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றவர்களோடு மற்றவர்களாக. மாயவரம் மார்க்கெட்டுக்கு மீன் போனது. சாயந்திரம் காலிக்கூடைக்குள் அரிசியும் மண்ணெண்ணெயும் திரும்பி வந்தன. என் அத்தை வீட்டுக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி வண்டி விட்டு இறங்கி வந்து மீன் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவாள். "அண்ணன் வந்துருக்காருன்னு சொன்னாங்க, அதான் வஞ்சிரம் எடுத்தாந்தேன்" என்று கூடையை இறக்குவாள். அண்ணன் வந்த சேதி அவளுக்கும் நிலையத்திலேயே கிடைத்துவிடும்.

சீசன் டிக்கெட் வைத்திருந்த பையன்கள், பொறையாரில் படிக்கப் போன பெண்பிள்ளைகள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். நடவு நேரத்தில் கூலி ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்குவார்கள். மெதுவாகப் போகும் வண்டிதான். ஆனால் மழைக்காலத்தில் சாலை மூழ்கினாலும் ரயில் மேடு மூழ்காது. காவிரிக் கடைமடையில் இது சின்ன விஷயம் இல்லை. அந்த நாட்களில் சுற்று வட்டாரமே ரயிலடிக்கு வந்துவிடும்.

1986இல் வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

காரணம் சொல்லப்பட்டது. வருமானம் இல்லை. பாதையை ஒட்டியே சாலை போகிறது. 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு பஸ் அதிகமாயிற்று. தனியார் பஸ்ஸும் கூடிவிட்டது. ரயிலை விடப் பஸ் வேகம், ஊருக்குள்ளேயே நிற்கும். நாடு முழுக்க அப்போது இதே பேச்சுதான். 1980களின் தொடக்கத்தில் இருந்த ரயில்வே சீர்திருத்தக் குழு, வருமானம் தராத கிளைப் பாதைகளை மூடச் சொல்லியிருந்தது. கணக்குப் புத்தகத்தின்படி அது தவறில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கிளைப் பாதையின் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். தில்லையாடியிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்தவன் கொடுத்த காசில், தரங்கம்பாடிப் பாதைக்குச் சேருவது அந்தச் சிறு தூரத்துக்கு உரியது மட்டும். மீதியெல்லாம் மெயின் லைன் வருமானம். ஆனால் அந்த ஆளை மெயின் லைனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது கிளைப் பாதைதானே. வாய்க்காலை வற்றவிட்டு ஆற்றில் தண்ணீர் ஏன் குறைந்தது என்று கேட்பது போலத்தான் அந்தக் கணக்கு. மீன் கூடைக்காரியின் பயணத்துக்கும், வெள்ளத்தில் ஊருக்குக் கிடைத்த மேட்டுக்கும் அதில் பத்தியே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ஆறு வருஷம் தாக்குப் பிடித்திருந்தால் இந்தப் பாதை தப்பியிருக்கலாம். 1992இல் நாடு முழுக்க ஒரே அகலப் பாதை என்ற திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் மூடப்பட்ட மீட்டர் கேஜ் பாதைகள் தாமதமானாலும் திரும்பி வந்தன. எங்கள் விருத்தாசலம் வழியாகப் போகிற கார்டு லைனும், சேலம் பாதையும், கடலூர் பாதையும் அப்படித்தான் அகலமாயின. வேதாரண்யம் உப்பை ஏற்றிய திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை 2004இல் நின்று 2023 ஏப்ரலில் மறுபடி ஓடியது. திருவாரூர்–காரைக்குடி 2019இல் வந்தது. மதுரையிலிருந்து போடிக்கும் ரயில் திரும்பி வந்துவிட்டது. கேஜ் மாற்றத்துக்கு என்று மூடினால் ஒரு நாள் திறப்பார்கள். நஷ்டம் என்று மூடினால் அந்தக் கோப்பை லேசில் யாரும் திறப்பதில்லை. எப்போதோ மூடிய திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையின் கதி இன்றுவரை அதுதான். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம் ஆகியும் அங்கே ரயில் போகவில்லை.

ஆனால் நஷ்டம் என்று மூடியதும் திரும்பும் என்பதற்கு எடுத்துக்காட்டு அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. நீடாமங்கலம்–மன்னார்குடி பாதை 1976இல் நின்றது. 35 வருஷம் கழித்து 2011இல் திரும்பியது. இன்று மன்னை எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிறது. பேரளம்–காரைக்கால் பாதையும் 1980களில் நின்றதுதான். 23 கிலோமீட்டருக்குப் புதிதாகத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் விளக்கு ஏற்றியாயிற்று. நடுவில் தரங்கம்பாடி மட்டும் இருக்கிறது.

அத்தை காலமான பிறகு தில்லையாடிக்குப் போவது குறைந்துவிட்டது. போகும்போதெல்லாம் பழைய பாதையைத் தேடி நடப்பேன். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்லீப்பர் கட்டைகள் இல்லை. மேடு இருக்கிறது, சில இடங்களில் முழுசாக, சில இடங்களில் வயலுக்குள் கரைந்து. மேட்டின் மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வாய்க்கால்களைத் தாண்டும் இடங்களில் செங்கல் மதகுகள் நிற்கின்றன. கட்டியவன் கை சுத்தம். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சில இடத்தில் மேடே தெருவாகிவிட்டது, இரண்டு பக்கமும் வீடுகள். போக்கிடம் இல்லாதவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சும்மா கிடக்கிற நிலத்தில் மழைக்கு ஒதுங்கியவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பாதை திரும்பி வந்தால் முதலில் மாற்று இடம் கொடுக்க வேண்டியது அவர்களுக்குத்தான்.

வயதானவர்களிடம் கேட்டால் நிலையம் எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "இங்க ரயிலா?" என்று சிரிக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்குள் ஒரு ஊரின் ஞாபகத்திலிருந்து ரயில் இப்படி அழிந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை.

தரங்கம்பாடிக் கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம். டென்மார்க்கிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கவர்னர் பங்களாவைப் பழுது பார்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியம், மனசாரப் பாராட்டுகிறேன். 2004 சுனாமியில் அவ்வளவு உயிர்களைக் கொடுத்த ஊர் எழுந்து நிற்க அந்தக் கோட்டையும் ஒரு பிடிமானம். ஆனால் கோட்டை டேனிஷ் ராஜாவின் வியாபாரத்துக்காகக் கட்டியது. ரயில் நிலையம் நம் சனங்கள் ஏறி இறங்கியது. கோட்டைக்குச் செய்ததில் ஒரு சிறு பங்காவது அந்தப் பாதைக்குச் செய்திருக்கலாம். ஒரு பெயர்ப் பலகை. ஒரு மைல்கல். 1926–1986 என்று ஒரு வரி.

இன்றைக்குத் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் நாள் தவறாமல் கார்களும் வேன்களும் வருகின்றன. வயதானவர்கள் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக மடங்கி உட்கார்ந்து வந்து சேர்கிறார்கள். தரங்கம்பாடிக்கு விடுமுறை நாளில் வருகிற கூட்டமும் குறைவில்லை. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டது. மாவட்டத் தலைநகரையும் அதன் கடற்கரையையும் இணைத்த ஒரே ரயில் பாதை இது. தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்கு இருக்கிற சுமார் 15 கிலோமீட்டரையும் சேர்த்துப் போட்டால், மயிலாடுதுறையில் ஏறி, கடலோரமாகப் போய், பேரளம் வழியாகத் திரும்பி வந்துவிடலாம். கோயிலுக்கும் துறைமுகத்துக்கும் கல்லூரிக்கும் ஒரே பாதை. 1926இல் இல்லாத சரக்கும் இன்று காரைக்கால் துறைமுகத்தில் இருக்கிறது.

புதிதாக ரயில் பாதை போடுகிறவர்களுக்கு முதல் தலைவலி நிலம். வருஷக் கணக்கில் வழக்கு நடக்கும். இந்தப் பாதைக்கு மேடும் மதகும் நிலமும் முன்னோர் கொடுத்துவிட்டுப் போனது. வருஷத்துக்கு வருஷம் அது கரைகிறது.

மயிலாடுதுறை மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகளுக்கும் தெற்கு ரயில்வேக்கும் என் வேண்டுகோள் இதுதான். பாதையைத் திரும்பப் போடுவது எப்போது என்று பிறகு பேசலாம். முதலில் மன்னம்பந்தலிலிருந்து தரங்கம்பாடி வரை மிச்சமிருக்கிற நிலத்தை அளந்து கல் நடுங்கள். அதில் வீடு கட்டியிருப்பவர்களின் பட்டியலை எடுத்து அவர்களுக்கு மாற்று இடத்துக்கு வழி செய்யுங்கள். மதகுகளை இடிக்காதீர்கள்.

இந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகள் அந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பீர்கள். அட்டை டிக்கெட்டோ, நிலையத்தின் முன்னால் எடுத்த கல்யாணப் புகைப்படமோ, கால அட்டவணையோ உங்கள் பெட்டியில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து மன்னம்பந்தல் கல்லூரி நூலகத்திலோ பொறையார் கல்லூரி நூலகத்திலோ கொடுத்து வையுங்கள். நிலத்தைக் கேட்டுப் போகிற நாளில் அவை சாட்சியாக வேண்டியிருக்கும்.